டீச்சரைக் கேளுங்கள்: பதினெட்டு வயதுக்கு மறுநாள்

(மதுரையில் ஒரு சிறப்புப் பள்ளியில் 28 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. அறிவுசார் குறைபாடு. சின்ன வயதிலிருந்து சிறப்புப் பள்ளிக்குப் போகிறான். அங்கே தட்டைக் கழுவுகிறான், பாய் மடிக்கிறான், கடைக்குப் போய்வருகிறான் என்று அவனுடைய டீச்சர் சொல்கிறார். வீட்டில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்துவதில்லை. அடுத்த வருஷம் பள்ளி முடிந்துவிடும். அதற்கப்புறம் அவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: அந்த டீச்சர் பொய் சொல்லவில்லை அம்மா. உங்கள் பிள்ளை சோம்பேறியும் இல்லை. பள்ளியில் அவன் தட்டை வைத்துவிட்டு எழுந்தால் அது அங்கேயேதான் கிடக்கும். வீட்டில் அவன் கடைசி வாய் சோற்றை விழுங்குவதற்குள் உங்கள் கை தட்டுக்கு வந்துவிடும்.

இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. என் தம்பியும் உங்கள் மகனைப் போலத்தான். முப்பது வயது வரை அம்மாதான் அவனுக்குத் தலை சீவிவிட்டார். அம்மாவுக்குக் காரியம் முடிந்த மறுநாள் காலையில், சீப்பை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அதற்குள் நான் 11 வருஷமாக ஊரார் பிள்ளைகளுக்குத் தலை சீவக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும்தான்.

தம்பிக்கு அன்று தொடங்கிய முறையையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பள்ளியில் இதை டாஸ்க் அனாலிசிஸ் என்போம். பெயர்தான் பெரிது. தட்டுக் கழுவுவது என்றால் எச்சிலைக் கொட்டுவது, தண்ணீர் விடுவது, சோப்புத் தொடுவது, உள்பக்கம் தேய்ப்பது, பின்பக்கம் தேய்ப்பது, அலசுவது, கவிழ்ப்பது. இதில் கடைசிப் படியை முதலில் கற்றுக்கொடுங்கள். அலசுவது வரை நீங்கள் செய்துவிட்டுத் தட்டை அவன் கையில் கொடுங்கள், அவன் கவிழ்க்கட்டும். வேலை அவன் கையில் முடிகிறது, பாராட்டும் அவனுக்கு உடனே கிடைக்கிறது. அது பழகிய பிறகு அலசுவதையும் அவனிடம் விடுங்கள். இப்படியே பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். என் தம்பிக்குச் சீப்பைத் தலையில் வைத்து இழுப்பதற்கே ஏழு வாரம் ஆனது. வகிடு மட்டும் கடைசி வரை கோணல்தான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். அவனிடம் ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். எண்ணி முடிக்கும்வரை கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை பிள்ளைகளைவிட அம்மாக்களுக்குத்தான் இது கஷ்டம்.

அடுத்து, பணம். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். என் வகுப்பில் எண்ணிக்கை வராத பிள்ளைகளுக்கு ரூபாய் நோட்டை நிறம் வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அட்டையில் நோட்டின் படம், பக்கத்தில் அதற்கு வாங்கக்கூடிய பொருளின் படம். மூன்று வருஷ உழைப்பு. 2016 நவம்பரில் பழைய 500, 1,000 செல்லாது என்றார்கள். அது எங்களைப் பெரிதாகப் பாதிக்கவில்லை, எங்கள் பிள்ளைகள் அவ்வளவு பெரிய நோட்டைப் பார்த்ததே அபூர்வம். அதற்கப்புறம் வந்ததுதான் வினை. 50 ரூபாய் நீலமானது, 10 ரூபாய் சாக்லேட் நிறமானது, 100 ரூபாய் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது, கடைசியாக 20 ரூபாயும் பச்சை மஞ்சளாக மாறியது. பழையதும் புழக்கத்தில் இருந்தது, புதியதும் இருந்தது. என் அட்டைகள் எல்லாம் குப்பைக்குப் போயின. போதாக்குறைக்கு 10 ரூபாய் நாணயம். அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொன்னாலும் நம் ஊர்க் கடைக்காரர்கள் வாங்க மாட்டோம் என்றார்கள். சரியாகப் பணம் கொடுத்த என் மாணவன் ஒருவன், தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்து சிம்மக்கல்லில் ஒரு கடை வாசலில் அழுதுகொண்டு நின்றான்.

அன்றோடு வகுப்பறைப் பணத்தைத் தூக்கிப் போட்டேன். நிஜ நோட்டு, நிஜக் கடை, நிஜப் பொருள். அவனுக்குத் தேவையான ஒன்றையே வாங்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டிய கடுகை வாங்கச் சொன்னால் அவனுக்கு என்ன அக்கறை? அவனுக்குப் பிடித்த முறுக்கு என்றால் நோட்டைத் தப்பாக எடுக்க மாட்டான். இப்போது எல்லாக் கடையிலும் போனில் பணம் வாங்குகிறார்கள், தொகையைப் பெட்டி சத்தமாகச் சொல்லிவிடுகிறது. மீதிச் சில்லறை எண்ணத் தெரியாத பிள்ளைக்கு இது பெரிய வரம். ஆனால் அதற்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கட்டும், அதில் 500 ரூபாய்க்கு மேல் வைக்காதீர்கள்.

பஸ்ஸும் அப்படித்தான். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் கிடையாது. ஆகவே பழக்குவதற்குச் செலவில்லை, பொறுமைதான் வேண்டும். முதல் வாரம் பக்கத்து சீட்டில் உட்காருங்கள். அடுத்து இரண்டு சீட் தள்ளி. அப்புறம் அவனை ஏற்றிவிட்டு, இறங்கும் இடத்தில் உங்கள் வீட்டுக்காரர் நிற்கட்டும். நம்பரை மட்டும் நம்பிப் பழக்காதீர்கள், போர்டை மாற்றாமலே வண்டியை எடுக்கும் நாளும் உண்டு. ஏறும் முன் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்கப் பழகட்டும். பேச்சு வராவிட்டால் ஊர்ப் பெயரும் உங்கள் போன் நம்பரும் எழுதிய அட்டையை நீட்டட்டும். ஒரு நாள் அவன் ஸ்டாப்பை விட்டுவிடுவான். அன்றைக்கு என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே நடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். என் மாணவி ஒருத்தி தூங்கிவிட்டு மாட்டுத்தாவணி வரை போய், நேரக் காப்பாளரிடம் அட்டையைக் காட்டிவிட்டு, அவர் வாங்கிக் கொடுத்த டீயோடு சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். பதறிப் போய் ஆட்டோவில் போனது நான்தான்.

18 வயதைப் பற்றி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வியை 6 முதல் 18 வயது வரைதான் உறுதி செய்கிறது. பிறந்தநாள் வந்ததும் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று அர்த்தம் இல்லை. தொழிற்பயிற்சிப் பிரிவு வைத்திருக்கும் பள்ளிகளும் தொண்டு நிறுவனங்களும் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இப்போதே விசாரியுங்கள். போய்ச் சேர்க்கும் முன், "இங்கே பயிற்சி முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்?" என்று கேளுங்கள். மெழுகுவத்தி, பினாயில், காகிதக் கவர் என்று மூன்றையும் காட்டிவிட்டு அதற்குமேல் பதில் சொல்லாத இடமாக இருந்தால், யோசித்துச் சேருங்கள். நானும் பத்து வருஷம் மெழுகுவத்தி ஊற்ற வைத்தவள்தான். ஆண்டு விழாவில் விருந்தினர்கள் பரிதாபப்பட்டு வாங்கிக்கொண்டு போவார்கள், ஒருவரும் இரண்டாம் முறை வர மாட்டார்கள். அதே வகுப்பிலிருந்து விளாச்சேரிக்குப் போன பையன் இன்று ஒரு கொலு பொம்மைப் பட்டறையில் அச்சில் களிமண் அழுத்துகிறான். நவராத்திரிக்கு முந்தைய மாதங்களில் அவனுக்கு ஓவர்டைம்கூட உண்டு. அது யாரும் அவனுக்காகக் கண்டுபிடித்த வேலை இல்லை, ஊரில் ஏற்கெனவே இருந்த வேலை.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகளுக்கு ஆட்டிசம். 20 வயதாகியும் பள்ளிக்குப் போகிறாளாம், அங்கே சமையலும் கடைக்குப் போவதும் பாடமாம். பள்ளிக்கூடத்தில் இதையெல்லாமா சொல்லித்தருவார்கள்?
– வாசகர், நாகமலை புதுக்கோட்டை

பதில்: ஆமாம், அங்கே அது சட்டம். 1975-இல் வந்த சட்டத்தைத் திருத்தித் திருத்தி இந்த இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மாணவருக்கு 16 வயது ஆகும்போது, பள்ளிக்குப் பிறகு படிப்பா, வேலையா, எங்கே வசிப்பது என்று எழுத்தில் ஒரு திட்டம் இருந்தாக வேண்டும். தகுதியுள்ளவர்கள் பெரும்பாலான மாநிலங்களில் 21 வயது வரை பள்ளியில் இருக்கலாம். எனக்குப் பிடித்தது இன்னொன்று. அந்தத் திட்டத்தைப் பேசும் கூட்டத்துக்கு மாணவரையும் அழைக்க வேண்டும். நம் ஊரில் அப்பா, அம்மா, டீச்சர், சில நேரம் மாமா, எல்லாரும் உட்கார்ந்து பேசுவோம். யாருடைய வாழ்க்கையோ அவன் வராந்தாவில் ஊஞ்சலாடிக்கொண்டிருப்பான். இதை மாற்ற டாலர் தேவையில்லை, இன்னொரு நாற்காலி போட்டால் போதும்.

கேள்வி: என் மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. மகளுக்கு 15 வயது, அறிவுசார் குறைபாடு. மாதவிலக்கு நாட்களில் திண்டாடிப் போகிறேன். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று உறவில் சொல்கிறார்கள்.
– ஒரு தந்தை, மேலூர் பக்கம்

பதில்: எடுக்காதீர்கள் ஐயா. அவளுடைய சம்மதம் இல்லாமல் குழந்தை பெற முடியாதபடி செய்யும் எந்தச் சிகிச்சையையும் 2016 சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள். ரத்தம் தெரியாமல் போனால் உங்கள் சிரமம் குறையும், அவளை ஒருவன் தொட்டால் தடுக்கும் பலம் அவளுக்கு அதனால் வந்துவிடாது.

நாப்கின் வைப்பதைக் கற்றுக்கொள்ளக் கூடியவர்கள்தான் இவர்கள். அந்த நாட்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் அக்காவோ, அண்ணியோ, பள்ளியில் ஆயாவோ, அவள் நம்பும் ஒரு பெண் முன்னதாகவே பழக்கட்டும். வைக்க வேண்டிய இடத்தை உள்ளாடையில் நூலால் தைத்து அடையாளம் போட்டு வைப்போம். நாப்கினில் குங்குமத் தண்ணீர் ஊற்றி, இப்படி ஆனால் மாற்ற வேண்டும் என்று காட்டுவோம். சுற்றுவதற்குப் பழைய செய்தித்தாள், போடுவதற்கு மூடி போட்ட டப்பா, இரண்டும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். காலண்டரில் அவளே பொட்டு ஒட்டட்டும்.

கூடவே, குளியலறைக் கதவைச் சாத்தித் தாழிடப் பழக்குங்கள். நீங்களும் கதவைத் தட்டிவிட்டுப் போங்கள். வீட்டில் யார் வேண்டுமானாலும் தன் உடம்பைப் பார்க்கலாம், தொடலாம் என்று 15 வருஷம் பழகிய பெண், வெளியே ஒருவனிடம் "வேண்டாம்" என்று எப்படிச் சொல்வாள்? சாப்பாட்டில் "வேண்டாம்" என்றால் அதை மதித்துத் தொடங்குங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது, மூளை முடக்குவாதம். அவனுக்கு வங்கிக் கணக்கு தொடங்கப் போனால், கார்டியன் சான்றிதழ் கேட்கிறார்கள். அப்பா உயிரோடு இருக்கும்போது அவர்தானே கார்டியன்?
– ஓர் அக்கா, உசிலம்பட்டி

பதில்: 18 வரைதான் அம்மா. அதற்கு மேல் அப்பாவே ஆனாலும் சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆகிவிட மாட்டார். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கும். ஆனால் அதற்கு ஓடும் முன் ஒன்று. உங்கள் தம்பிக்கு உடம்பில்தான் சிரமமா, பணம் புரிகிறதா? புரிகிறது என்றால் அவரே கணக்கு வைத்துக்கொள்ளலாம். தன் பணத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமை 2016 சட்டத்தில் இருக்கிறது. கையெழுத்து நடுங்குகிறது என்பதற்காகக் காப்பாளர் தேவையில்லை. மேலாளரிடம் நீங்கள் பேசாமல் தம்பியைப் பேச விடுங்கள். பேச்சு குழறினாலும் பரவாயில்லை, நேரம் எடுக்கட்டும். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை அவருக்கு வருகிறது என்றால் அது அவருடைய கணக்கிலேயே விழட்டும், அதில் ஒரு 100 ரூபாயாவது அவர் இஷ்டத்துக்குச் செலவாகட்டும்.

கேள்வி: அண்ணா நகரில் மெஸ் நடத்துகிறேன். ஒரு சிறப்புப் பள்ளி மாணவரை வேலைக்கு எடுத்துக்கொள்ள ஆசை. கூட்ட நேரத்தில் சமாளிப்பாரா என்று பயம்.
– மெஸ் உரிமையாளர்

பதில்: நல்லது தம்பி, ஆனால் புண்ணியம் என்று நினைத்து எடுக்காதீர்கள். புண்ணியத்துக்கு எடுத்தவர்கள் இரண்டு மாதத்தில் சலித்துப்போய், சம்பளத்தோடு வீட்டிலேயே இருக்கச் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வேலைக்காக எடுங்கள். இலை நறுக்குவது, வெங்காயம் உரிப்பது, டம்ளர் அடுக்குவது என்று எது உங்களுக்குத் தினமும் தேவையோ அது. எல்லாரும் சேர்ந்து வேலை ஏவக் கூடாது, மாஸ்டரோ நீங்களோ ஒருவர்தான் சொல்ல வேண்டும். "சீக்கிரம் முடி" என்றால் புரியாது, "இந்தக் கூடை தீரும் வரை உரி" என்றால் புரியும். மதியக் கூட்டத்துக்கு முன்னால், காலை பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள். சம்பளம் மற்றவர்களுக்குத் தரும் அதே நாளில், அவர் கையில்.

முதல் இரண்டு வாரம் பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியர் கூட வந்து நிற்பாரா என்று கேளுங்கள், நல்ல பள்ளி என்றால் ஒத்துக்கொள்ளும். அப்புறம், உங்கள் மெஸ்ஸுக்கு வார விடுமுறை என்றைக்கு என்று எழுதவில்லையே. பத்து வருஷம் ஞாயிறு லீவு என்று பழகிய பிள்ளையாக இருப்பார். உங்களுக்கு ஞாயிறுதான் வியாபாரம் என்றால், அதை முதல் நாளே காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டிவிடுங்கள்.