தம்பிக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டேன்

மேடத்துக்கு வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். அப்பா காலத்திலேயே வாணியம்பாடியை விட்டு வந்த குடும்பம். தம்பிக்கு 28 வயது. பீன்யாவில் ஒரு பட்டறையில் மெஷின் ஓட்டுகிறான். நாலு மாதமாக ஆள் சரியில்லை. விடிகாலை மூணு மணிக்கே முழித்துக்கொள்வான். குளிக்கச் சொன்னால், துண்டைத் தோளில் போட்டபடி கட்டிலிலேயே அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பான். நான்தான் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குக் கூட்டிப்போனேன். டிப்ரஷன் என்றார்கள். மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது, வேலைக்கு லீவு.

அக்கம்பக்கத்தில் கேட்டதற்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டேன். மறுநாளே கீழ்வீட்டு அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்து, அவன் குடிக்கும்வரை எதிரிலேயே நின்றார். அவர் போனதும், "ஏன்க்கா, வெளிய சொல்லக்கூடாத வியாதியா எனக்கு?" என்றான். எனக்கு வாயடைத்துப்போய்விட்டது.

அவனுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம் மேடம். தெரிந்தால் 'லூசு' என்று பேர் கட்டிவிட மாட்டார்களா? மாத்திரை பழகிவிடும், நிறுத்து என்கிறாள் அம்மா. நான் செய்தது தப்பா?

— அல்சூர் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்று கேலி பேசுவதுபோல் இங்கே 'நிம்ஹான்ஸ்' என்கிறோம். மண்டையில் அடிபட்டவர், வலிப்பு வந்தவர், பக்கவாதம் வந்தவர் எல்லோரும் போகிற இடம்தான் அது. அந்தக் கேலி தெரிந்தும் தம்பியைக் கூட்டிப்போனீர்களே, அது பெரிய விஷயம்.

ஊராரிடம் பொய் சொன்னதல்ல பிரச்சினை, தம்பி காதுபட அது நடந்ததுதான். 'நான் எல்லோருக்கும் பாரம், குடும்பத்துக்கே அவமானம்' என்று நினைக்க வைப்பது டிப்ரஷனின் குணம். அந்த நினைப்புக்கு ஒரு டம்ளர் மோர் சாட்சி சொல்லிவிட்டது.

அதற்காகத் தெருவெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. நோயாளியின் விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருக்குத் தந்திருக்கும் உரிமை. யாரிடம் எவ்வளவு சொல்லலாம் என்று அவரையே கேளுங்கள். "உடம்பு முடியலை, டாக்டர்கிட்ட காட்டிட்டிருக்கோம்" என்றாலே பலருக்குப் போதும். அதில் பொய்யும் இல்லை.

வரனை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். தேறிய பிறகு, நிச்சயத்துக்கு முன்பே, பெண்ணிடம் அவரே சொல்லட்டும். சர்க்கரை வியாதி மாதிரிதான் இதுவும் என்று சமாதானம் சொல்வார்கள். எனக்கு அந்த உவமை அவ்வளவாகப் பிடிக்காது. சர்க்கரைக்காக எத்தனை பேர் சம்பந்தத்தை முறிக்கிறார்கள்? ஒரு வரன் தட்டிப்போகலாம்தான். மறைத்துக் கட்டிவைத்துவிட்டு, அவர் ஒளிந்து ஒளிந்து மாத்திரை போடுவதைவிட அது மேல்.

டிப்ரஷனுக்கு வழக்கமாகத் தரும் மாத்திரைகள் போதையாகப் பழகுபவை அல்ல. வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். பத்து நாளில் மாற்றம் தெரியாதது இயல்பு. குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு வரலாம், நோயும் திரும்பலாம்.

இன்னொன்று. "சாகணும்னு எப்பவாவது தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸ் (எண் 14416) இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிப்போங்கள், மாத்திரை சந்தேகத்தை அங்கேயே கேட்கட்டும். கீழாநெல்லி குடித்ததையாவது டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.