விண்டோஸுக்குள் லினக்ஸ்: கிளம்பாத உபுண்டு, கிடைக்காத இணையம்

வந்த கேள்விகள் எல்லாமே டபிள்யூஎஸ்எல் 2 பற்றியவை. விண்டோஸுக்குள்ளேயே உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளை ஓட்டும் வசதி அது. பழைய முதல் பதிப்பு ஒரு துபாஷி மாதிரி. லினக்ஸ் நிரல் கேட்பதை விண்டோஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும். 2019-ல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் பதிப்பில் நிஜமான லினக்ஸ் கெர்னலே (இயங்குதளத்தின் கரு) ஒரு சின்ன மெய்நிகர் கணினிக்குள் ஓடுகிறது. அதாவது தனிக்குடித்தனம்: தனி வட்டு, தனி ஐபி முகவரி. கீழே உள்ள சண்டைகளில் பெரும்பாலானவை வாசற்படிச் சண்டைகள்தான். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

கேள்வி: அண்ணா, புது லேப்டாப். உபுண்டுவைத் திறந்தால் 80370102 என்று முடியும் பிழை எண் வருகிறது. மூன்று முறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்தேன்.

நான்காம் முறை வேண்டாம் தம்பி. உபுண்டு இன்னும் ஓடவே தொடங்கவில்லை, அதன்மேல் என்ன தப்பு? மெய்நிகர் கணினியை எழுப்ப முடியவில்லை என்பதுதான் அந்த எண்ணுக்குப் பொருள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் போய் சிபியுவைத் தட்டுங்கள். வரைபடத்துக்குக் கீழே விர்ச்சுவலைசேஷன் என்று ஒரு வரி இருக்கும். டிஸேபிள்டு என்றிருந்தால் பயாஸுக்குள் (விண்டோஸ் கிளம்பும் முன் திறக்கும் கணினியின் அமைப்புத் திரை) போய் இயக்க வேண்டும். இன்டெல் என்றால் விடி-எக்ஸ் அல்லது விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றிருக்கும். ஏஎம்டி என்றால் எஸ்விஎம். பலர் இந்த எஸ்விஎம்-ஐப் பார்த்தும் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எனேபிள்டு என்றே இருந்தால், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்முக்கு டிக் இருக்கிறதா பாருங்கள். டிக் போட்ட பிறகு ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும். ஷட்டவுன் செய்து திரும்பத் திறப்பது அதற்கு ஈடாகாது; ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் விண்டோஸ் கெர்னல் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும்.

கேள்வி: இஸட்-ஷெல்லை என் இயல்பு ஷெல்லாக (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) வைத்திருந்தேன். பிடிக்கவில்லை என்று அதை நீக்கிவிட்டேன். இப்போது உபுண்டு திறந்த நொடியே மூடிக்கொள்கிறது. அன்ரிஜிஸ்டர் செய்தால் சரியாகிவிடும் என்கிறான் நண்பன்.

சரியாகிவிடும், உங்கள் கோப்புகள் அத்தனையும் போன பிறகு! அன்ரிஜிஸ்டர் என்ற பெயரைப் பார்த்தால் ஏதோ பதிவேட்டில் பெயரை அடிப்பது போலத் தெரியும். நடப்பது வட்டையே அழிப்பது. நிச்சயமா என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காது. இரண்டு வாரம் எழுதிய நிரலை நான் இப்படித்தான் தொலைத்தேன்.

உங்கள் கோளாறு சின்னது. உள்ளே நுழைந்ததும் ஓட வேண்டிய ஷெல் இல்லை, அவ்வளவுதான். ரூட் என்ற நிர்வாகப் பயனரின் ஷெல் இன்னும் உபுண்டுவோடு வரும் பாஷ்தான். பவர்ஷெல்லில் 'டபிள்யூஎஸ்எல் -யூ ரூட்' கொடுங்கள், உள்ளே போய்விடலாம். அங்கே சிஎச்எஸ்ஹெச் கட்டளையால் உங்கள் பயனருக்குப் பாஷைத் திருப்பிக் கொடுங்கள். அப்புறம் முதல் வேலையாக 'டபிள்யூஎஸ்எல் --எக்ஸ்போர்ட்' போட்டு ஒரு நகல் எடுத்து வேறு வட்டில் வையுங்கள்.

கேள்வி: அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் போட்டதும் உபுண்டுவில் இணையம் செத்துவிடுகிறது. மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்க ஆப்ட் அப்டேட் கொடுத்தால் டெம்பரரி ஃபெயிலியர் ரிசால்விங் என்கிறது. விண்டோஸில் பிரவுசர் ஜோராக ஓடுகிறது.

அதிகம் வந்த கேள்வி இதுதான். ரிசால்விங் என்ற சொல்லைக் கவனியுங்கள். பாதை அடைபட்டதாக அது சொல்லவில்லை, பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை என்கிறது. பெயரை முகவரியாக்கித் தரும் டிஎன்எஸ்-இல் கோளாறு. சந்தேகமிருந்தால் ஓர் எண் முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) அடியுங்கள், பிறகு பெயருக்கு அடியுங்கள். எண்ணுக்குப் போய், பெயருக்குப் போகாவிட்டால் உறுதி. சில விபிஎன்கள் பிங்கையே தடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதலில் 'டபிள்யூஎஸ்எல் --அப்டேட்'. விண்டோஸ் 11-ன் 22எச்2 பதிப்போ அதற்குப் பிந்தியதோ உங்களிடம் இருந்தால் டிஎன்எஸ் டனலிங் என்ற வசதி கிடைக்கும். லினக்ஸின் பெயர்த் தேடலை நெட்வொர்க் வழியே அனுப்பாமல் நேராக விண்டோஸிடமே கேட்டு வாங்கிவிடும். புதிய டபிள்யூஎஸ்எல்-இல் அது தானாகவே இயங்கும். பாதிப் பேருக்கு இதோடு தீர்ந்துவிடுகிறது. தீராவிட்டால் டாட் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் கோப்பில் நெட்வொர்க்கிங் மோடை மிரர்டு என்று மாற்றிப் பாருங்கள். விண்டோஸின் நெட்வொர்க் இணைப்புகளே லினக்ஸுக்குள்ளும் அப்படியே தெரியும்.

விண்டோஸ் 10 என்றால் கைவேலைதான். உபுண்டுவின் ஈடிசி அடைவில் உள்ள டபிள்யூஎஸ்எல் டாட் கான்ஃப் கோப்பில், நெட்வொர்க் தலைப்பின்கீழ் ஜெனரேட் ரிசால்வ் கான்ஃப் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். 'டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்' கொடுத்துத் திரும்ப வந்து, பழைய ரிசால்வ் டாட் கான்ஃபை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். அதில் 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்) போடச் சொல்வார்கள். போட்டால் வெளி உலகம் தெரியும், அலுவலகத்தின் உள் சர்வர் பெயர்கள் தெரியாது. விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ஆல் கொடுத்து, விபிஎன் அடாப்டருக்கு நேரே உள்ள டிஎன்எஸ் முகவரியை எடுத்துப் போடுங்கள்.

கேள்வி: மிரர்டு என்று எழுதிச் சேமித்தேன், ஷட்டவுனும் செய்தேன். ஒரு மாற்றமும் இல்லையே சார்?

கோப்பின் பெயரைப் பார்த்தீர்களா? எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனு போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் டிக் போடுங்கள். நோட்பேட் சத்தமில்லாமல் வாலில் ஒரு டாட் டிஎக்ஸ்டி ஒட்டியிருக்கும். வாலை வெட்டுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. டாட் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் இருப்பது விண்டோஸில் உங்கள் பயனர் அடைவில். மெமரி, நெட்வொர்க் என்று மெய்நிகர் கணினி முழுவதையும் பாதிக்கும். டபிள்யூஎஸ்எல் டாட் கான்ஃப் இருப்பது உபுண்டுவுக்குள். அந்த ஒரு உபுண்டுவுக்கு மட்டும். இரண்டுக்கும் இப்படிப் பெயர் வைத்தவரை என்னவென்று சொல்ல!

கேள்வி: பின்னணிச் சேவைகளை இயக்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையைக் கொடுத்தால், அவற்றை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-யோடு பூட் ஆகவில்லை என்கிறது.

டபிள்யூஎஸ்எல் டாட் கான்ஃபில் பூட் தலைப்பின்கீழ் சிஸ்டம்டி = ட்ரூ. 2022 செப்டம்பரில் வந்த வசதி; டபிள்யூஎஸ்எல்-இன் 0.67.6 பதிப்பாவது வேண்டும். எழுதிச் சேமித்தபின், ஜன்னலை மூடிய கையோடு திறக்காதீர்கள். லினக்ஸ் உண்மையில் நிற்க 8 நொடி போல எடுக்கும். ஷட்டவுன் கட்டளை கொடுத்துவிடுவது மேல்.

கேள்வி: பெயர் கிடைக்கிறது, பிங் போகிறது. ஆனால் விபிஎன் இருக்கும்போது கிட் குளோன் (நிரல் களஞ்சியத்தை நகலெடுக்கும் கட்டளை) மட்டும் பாதியில் உறைந்துவிடுகிறது.

சின்னப் பொட்டலம் நுழைகிறது, பெரியது மாட்டுகிறது. எம்டியு, அதாவது ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு, அதில்தான் பிரச்சினை. லினக்ஸ் பக்கம் 1500 பைட் என்று நினைத்து அனுப்ப, விபிஎன் குழாயின் வாய் அதைவிடக் குறுகலாக இருக்கும். 'சுடோ ஐபி லிங்க் செட் டெவ் ஈத்0 எம்டியு 1350' கொடுத்துப் பாருங்கள். உடனே ஓடினால் அதுதான். அடுத்த முறை திறக்கும்போது பழையபடி ஆகிவிடும். பூட் தலைப்பின்கீழ் கமாண்ட் என்று அதே வரியை, சுடோ இல்லாமல், எழுதி வைக்கலாம்.

கேள்வி: உபுண்டுவில் ஓடும் என் வலைத்தளம் விண்டோஸ் பிரவுசரில் திறக்கிறது. அதே வைஃபையில் இருக்கும் போனில் திறக்கவில்லை.

லோக்கல்ஹோஸ்டை (அதே கணினியைக் குறிக்கும் பெயர்) மட்டும் விண்டோஸ் உங்களுக்காக உள்ளே கடத்திவிடுகிறது. போனுக்கு அந்தச் சலுகை இல்லை. உபுண்டு உட்கார்ந்திருப்பது விண்டோஸுக்குப் பின்னால், 172-ல் தொடங்கும் ஒரு முகவரியில். நெட்எஸ்ஹெச் போர்ட்ப்ராக்ஸி போட்டு வழி திறக்கலாம். ஆனால் அந்த முகவரி ஒவ்வொரு முறையும் மாறும், இன்று ஓடியது நாளை ஓடாது. முடிந்தவர்கள் மிரர்டுக்கு மாறிவிடுங்கள், ஹைப்பர்-வி (விண்டோஸின் மெய்நிகர் கணினி ஏற்பாடு) ஃபயர்வாலில் உள்வரும் இணைப்பை அனுமதியுங்கள். சர்வர் 127.0.0.1-ல் (அதே கணினிக்கு மட்டும்) கேட்கிறதா 0.0.0.0-ல் (வெளியிலிருந்து வருபவர்களுக்கும்) கேட்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: லேப்டாப்பை மூடித் திறந்தபின் ஆப்ட், ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்கிறது.

லினக்ஸின் கடிகாரம் தூங்கிய நேரத்திலேயே நிற்கிறது. 'சுடோ எச்டபிள்யூகிளாக் -எஸ்' கொடுத்து நேரத்தைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: டபிள்யூஎஸ்எல் போட்டதிலிருந்து விர்ச்சுவல்பாக்ஸ் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) நகர மறுக்கிறது.

கீழே நிலைப்பட்டையில் பச்சை ஆமை ஒன்று தெரிகிறதா? கிண்டல் இல்லை, நிஜமாகவே ஆமைப் படம்தான் வைத்திருக்கிறார்கள். ஹைப்பர்-வி முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டதால் விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில் ஓடுகிறது என்று அர்த்தம். வேகம் வேண்டுமென்றால் அந்த ஹைப்பர்-வி ஹைப்பர்வைசரை அணைக்க வேண்டும். அணைத்தால் டபிள்யூஎஸ்எல் 2 கிளம்பாது, முதல் கேள்விக்காரரின் அதே எண்ணோடு வந்து நிற்பீர்கள். நான் ஆமையோடு சமாதானமாகிவிட்டேன்.