காய் என்றாலே முகம் சுளிக்கும் குழந்தைகள்: வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: ‘காயைத் தொடவே மாட்டேன் என்கிறது.’ அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பகுதி முழுக்க அதையே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. ஒன்றரை வயது வரை எந்தக் காயைக் கொடுத்தாலும் சாப்பிட்டான். இப்போது பச்சையாக ஏதாவது கண்ணில் பட்டாலே தட்டைத் தள்ளிவிடுகிறான். வெள்ளையாக, பழுப்பாக இருப்பது மட்டும்தான் உள்ளே போகிறது. கெஞ்சினேன், மிரட்டினேன், ‘இரண்டு வாய் சாப்பிட்டால் ஐஸ்கிரீம்’ என்றும் ஆசை காட்டினேன். எங்கே கோட்டை விட்டேன் என்றே தெரியவில்லை.

பதில்: எங்கேயும் விடவில்லை. ஒன்றரை வயது வரை எல்லாம் சாப்பிட்ட குழந்தை இரண்டு வயதைத் தாண்டியதும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வது மிக மிகச் சாதாரணம். முதல் வருடத்தில் குழந்தையின் எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது, இரண்டாவது வருடத்தில் இரண்டு, இரண்டரை கிலோ கூடினாலே பெரிது, ஆக உடம்புக்கு அவ்வளவு தீனி தேவைப்படாமல் பசியே மட்டுப்பட்டுவிடும். அதே நேரத்தில் புதிய உணவைக் கண்டால் விலகுகிற ஒரு பயமும் வந்து சேரும். இது 2 முதல் 6 வயதுக்குள் உச்சத்தில் இருக்கும். தானாக நடந்துபோய்க் கண்டதையும் வாயில் போடுகிற வயதில் தெரியாத இலை, காய் மீது சந்தேகம் இருந்த குழந்தைகள்தான் ஆதிகாலத்தில் பிழைத்திருக்கும் என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். நேரில் போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை, ஆனால் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

‘வளர்ப்பு சரியில்லை’ என்று உங்களிடம் யாராவது சொன்னால் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். பிரிட்டனில் 8 முதல் 11 வயது வரையான இரட்டைக் குழந்தைகளிடம் நடந்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் பயம் ஒரு குழந்தைக்கும் இன்னொரு குழந்தைக்கும் வேறுபடுவதில் ஏறக்குறைய 78 சதவீதம் மரபணுவால் வருவதாகக் கணக்கிட்டார்கள். கூடப் பிறந்தவள் எல்லாவற்றையும் சாப்பிடுகிறாள், இவன் மட்டும் ஏன் இப்படி என்று ஒப்பிடுவதில் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் அந்த ஐஸ்கிரீம். அதை நிறுத்திவிடுங்கள். ‘இதைச் சாப்பிட்டால் அது’ என்றதும் இது தண்டனை, அது பரிசு என்று நான்கு வயதுக் கணக்கே சரியாகப் போட்டுவிடும். அமெரிக்காவில் குழந்தைகளின் உணவுப் பழக்கத்தை நெடுங்காலம் ஆராய்ந்த லியான் பர்ச்சின் குழு 1984-ல் இதைச் சோதித்தது: ஒரு புது பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிக் குடிக்க வைத்த குழந்தைகளுக்கு, பிறகு அந்தப் பானத்தின் மீதிருந்த விருப்பமே குறைந்துபோயிருந்தது. வற்புறுத்தலும் அப்படித்தான். ‘சூப்பைக் குடித்து முடி, சூப்பைக் குடித்து முடி’ என்று சொல்லிக்கொண்டே இருந்தபோது குழந்தைகள் குறைவாகக் குடித்தார்கள், சும்மா விட்டபோது அதிகம் குடித்தார்கள் என்று 2006-ல் வந்த இன்னொரு ஆய்வு. அதனால் சாப்பாட்டு நேரத்தில் காயைப் பற்றிய பேச்சே வேண்டாம், நல்லதாகவும் வேண்டாம், கெட்டதாகவும் வேண்டாம்.

சரி, பேசாமல் இருந்தால் தானாகச் சாப்பிடுவானா? மாட்டான். நாக்கில் படாமல் எதுவும் பழகாது, தட்டில் பார்த்துக்கொண்டே இருப்பது மட்டும் போதாது. ஒரே ஒரு காயைத் தேர்ந்தெடுங்கள், அவன் அடியோடு வெறுப்பதாக இல்லாமல் சும்மா ஒதுக்குகிற ஒன்றாக இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே, நாளுக்கு ஒரு தடவை, பட்டாணி அளவுத் துண்டு. நீங்களும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, ‘ருசி பார்க்கிறாயா?’ என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். நக்கிப் பார்த்தாலும் கணக்குதான், துப்பினாலும் கணக்குதான். மாட்டேன் என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். லண்டனில் ஜேன் வார்டில் என்ற உளவியலாளரின் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வில் 2 முதல் 6 வயதுப் பிள்ளைகளின் பெற்றோரை இப்படித்தான் 14 நாள் செய்ய வைத்தார்கள், பிடிக்காமல் இருந்த காயின் மீது விருப்பமும் கூடியது, சாப்பிட்ட அளவும் கூடியது. பத்து, பதினைந்து தடவை தேவைப்படலாம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான பெற்றோர் மூன்றாவது, நான்காவது மறுப்பிலேயே ‘இவனுக்கு இது பிடிக்காது’ என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். ருசி பார்த்ததற்காக ஒரு ஸ்டிக்கர் கொடுப்பதில் தவறில்லை, அது விருப்பத்தைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. தின்பண்டத்தைப் பரிசாக்குவதுதான் வினை.

கேள்வி: பேத்திக்கு மூன்று வயது. காய்களை அரைத்து, தெரியாமல் கலந்து ஊட்டிவிடுகிறேன், நன்றாகவே சாப்பிடுகிறாள். மருமகளோ, ‘ஏமாற்றிச் சாப்பிட வைக்காதீர்கள் அத்தை’ என்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: அம்மா, இருவரும் பாதிப் பாதி சரி. அரைத்துக் கலந்தால் உள்ளே போகும் காயின் அளவு நிஜமாகவே கூடுகிறது, இதை ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறார்கள், எனவே உங்கள் உழைப்பு வீண் இல்லை. ஆனால் கேரட் என்றால் இந்த நிறம், கடித்தால் இப்படி இருக்கும் என்று அவள் தெரிந்துகொள்ள அதில் வழியே இல்லை. ஆறு வயதிலும் அரைத்தே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டி வரும். அரைத்தது அரைத்தபடி இருக்கட்டும், அதே காயின் ஒரு வெந்த துண்டும் தட்டில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும். ‘இதில் கேரட் இருக்கிறதா?’ என்று கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்லாதீர்கள். ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டாள் என்றால் இதுவரை நம்பிச் சாப்பிட்ட நல்ல உணவையும் கிளறிப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள், அந்தத் தலைவலி உங்களுக்குத்தான். இன்னொன்று, நான்கு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்குப் பச்சைக் கேரட்டைத் துண்டு துண்டாகக் கையில் கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வேகவைத்தோ துருவியோ கொடுங்கள்.

கேள்வி: எப்படியோ பீட்ரூட் சாப்பிட வைத்துவிட்டேன். மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: பீட்ரூட்டின் நிறமிதான், சிலருக்கு அப்படிப் போகும், ஓரிரு நாளில் சரியாகிவிடும். பீட்ரூட் சாப்பிடாத நாளிலும் சிவப்பாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஏழு வயது மகள் காலிஃபிளவர், முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி மூன்றையும் சமைக்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். ‘அழுகின நாற்றம்’ என்கிறாள். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நடிக்கிறாளா?

பதில்: நடிப்பு இல்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே குடும்பம், மூன்றிலும் கந்தகம் சேர்ந்த சேர்மங்கள் உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2021-ல் ஒரு சுவாரசியமான விஷயத்தை வெளியிட்டார்கள். இந்தக் காய்களை எச்சிலோடு கலந்து பார்த்தால், வாயிலிருக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சேர்மங்களை உடைத்து நாற்றமுள்ள கந்தக ஆவியாக மாற்றுகின்றன. அது எவ்வளவு வருகிறது என்பது ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுகிறது. யார் எச்சிலில் அதிகம் வந்ததோ அந்தக் குழந்தைகளுக்கே இந்தக் காய்கள் அதிகம் பிடிக்கவில்லை. பெரியவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை, அவர்களுக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது. ஒரே காய் உங்கள் வாயில் ஒரு மாதிரியும் அவள் வாயில் வேறு மாதிரியும் இருக்க முழு வாய்ப்பு உண்டு.

கசப்பு தனிக் கதை. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு பொடியைக் கொட்டும்போது அது காற்றில் பறக்க, பக்கத்தில் இருந்தவர் ‘என்ன இப்படிக் கசக்கிறது’ என்றார், ஃபாக்ஸுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. இருவரும் மாறி மாறி நாக்கில் வைத்துப் பார்த்தும் அதே கதைதான். இன்றைக்கு ஆய்வகப் பொடியை யாரும் நக்கிப் பார்க்கப் போவதில்லை, அந்தக் காலம் அப்படி. அந்த வித்தியாசத்துக்குக் காரணமான, கசப்பை உணரும் மரபணுவை 2003-ல் கண்டுபிடித்தார்கள். முட்டைக்கோஸ் குடும்பத்துக் காய்களில் இருக்கும் கசப்பை உணர்வதிலும் அதே மரபணுவுக்குப் பங்கு இருக்கிறது.

இதற்குச் சமையலில் செய்யக்கூடியது நிறைய. இந்தக் காய்களை நிறையத் தண்ணீரில் நெடுநேரம் கொதிக்கவிட்டால் நாற்றம் ஏறிக்கொண்டே போகும், அதுதான் அவளை ஓட வைக்கிறது. சிறு துண்டுகளாக நறுக்கி எண்ணெய் தடவி, நல்ல சூட்டில் ஓரம் சிவக்கும் வரை வாட்டிப் பாருங்கள், இனிப்பு தூக்கலாக வரும், நாற்றம் மட்டுப்படும். ஒரு சிட்டிகை உப்பு கசப்பை அமுக்கும், சர்க்கரையைத் தேடிப் போகத் தேவையில்லை. அப்படியும் பிடிக்கவில்லை என்றால் இந்த மூன்றையும் ஒரு வருடம் விட்டுவிடுங்கள், தப்பே இல்லை. பட்டாணி, கேரட், பூசணி, மக்காச்சோளம் என்று இனிப்புப் பக்கம் சாய்ந்த காய்கள் எத்தனையோ இருக்கின்றன. காலிஃபிளவர் சாப்பிடாமல் வளர்ந்தவர்கள் உலகில் ஏராளம்.

கேள்வி: எனக்கு 36 வயது. சின்ன வயதிலிருந்தே காய் சாப்பிடமாட்டேன். இப்போது மகனும் தொடமாட்டேன் என்கிறான், மனைவி என்னைத்தான் திட்டுகிறாள். நான் சாப்பிடாததற்கும் அவன் சாப்பிடாததற்கும் சம்பந்தம் உண்டா சார்?

பதில்: உண்டு சார், இரண்டு வழியில் உண்டு. மேலே சொன்ன மரபணு ஒன்று, அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. இன்னொன்று, அவன் தினமும் உங்கள் தட்டைத்தான் பார்க்கிறான். ‘காய் சாப்பிட்டால்தான் பெரியவனாவாய்’ என்று அவனிடம் சொல்லும்போது காயே சாப்பிடாமல் ஆறடி வளர்ந்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தால் அவன் யாரை நம்புவான்?

முப்பத்தாறு வயதில் பழகமுடியாது என்று எதுவும் இல்லை. முதல் பதிலில் சொன்ன பட்டாணி அளவுத் துண்டை உங்களுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், இருவரும் சேர்ந்தே ருசி பாருங்கள். பிடித்த மாதிரி நடிக்க வேண்டாம், குழந்தைகள் அதை லேசில் பிடித்துவிடுவார்கள். ‘எனக்கும் இன்னும் பிடிக்கவில்லை, நாளைக்குப் பார்ப்போம்’ என்று சொல்வதே போதும். ஆனால் அவன் முன்னால் ‘உவ்வே’ மட்டும் கூடாது.

கேள்வி: ஏழு மாதக் கர்ப்பிணி நான். இப்போது நான் சாப்பிடும் காய் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பழகும் என்கிறார்களே, நிஜமா அல்லது கட்டுக்கதையா?

பதில்: நிஜம்தான், அளவோடு. அம்மா சாப்பிடுவதன் வாசனை பனிக்குட நீருக்கும் பிறகு தாய்ப்பாலுக்கும் போகிறது. அமெரிக்காவில் ஜூலி மென்னெல்லாவும் சக ஆய்வாளர்களும் 2001-ல் வெளியிட்டது: கர்ப்பகாலத்தின் கடைசி மாதங்களிலோ பால் கொடுக்கும் மாதங்களிலோ கேரட் சாறு குடித்துவந்த தாய்மாரின் குழந்தைகள், பின்னால் கேரட் வாசனை கலந்த கூழைக் கொடுத்தபோது முகம் சுளித்தது குறைவு. 2022-ல் இங்கிலாந்தின் டரம் பல்கலைக்கழக ஆய்வில் கேரட் மாத்திரை விழுங்கிய தாயின் வயிற்றுக் குழந்தை சிரிப்பது போலவும், கேல் கீரை மாத்திரை விழுங்கிய தாயின் குழந்தை அழுவது போலவும் முகத்தை வைத்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. நீங்கள் சாப்பிடுவதால் நஷ்டம் ஒன்றும் இல்லை, ஆனால் குழந்தை பிறந்ததும் காய்க்காக ஏங்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அதைவிட முக்கியம், ஆறு மாதத்தில் திட உணவு தொடங்கிய பிறகு எல்லாவற்றையும் மாதக்கணக்கில் கூழாகவே அரைத்துக் கொடுக்காமல், ஒன்பது மாதத்துக்குள் கொஞ்சம் கட்டிகட்டியாக மசித்ததற்கு வந்துவிடுவது.

கேள்வி: ஆறு வயது மகன் மொத்தமே ஐந்து உணவுகள்தான் சாப்பிடுவான், அதிலும் ஒன்று இப்போது நின்றுவிட்டது. வேறு எதையாவது வாயில் வைத்தால் ஓங்கரிப்பு. எடையும் குறைந்திருக்கிறது. உறவினர்கள், ‘பட்டினி போடு, தானாகச் சாப்பிடுவான்’ என்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து பட்டினி போடாதீர்கள். உங்கள் மகன் விஷயம் மேலே இருப்பவை மாதிரி இல்லை. எடை குறைவது, சாப்பிடும் உணவுகளின் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே போவது, ஓங்கரிப்பு, இந்த மூன்றும் சேர்ந்தால் இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். வயிற்றில் அமிலம் மேலேறுவது, ஒவ்வாமை, மலச்சிக்கல், மெல்லுவதில் விழுங்குவதில் சிரமம், உணவின் தன்மையைத் தொட்டால்கூடப் பொறுக்காத கூருணர்ச்சி என்று காரணங்கள் பல. உணவைத் தவிர்ப்பதே ஒரு நோய்நிலையாக இருக்கலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் 2013-ல் தனிப் பெயரோடு சேர்த்தார்கள், அதற்குச் சிகிச்சையும் உண்டு. போகும்போது ஒரு வாரம் அவன் சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் எழுதி எடுத்துப் போங்கள். ‘கொஞ்சம் அடம், அவ்வளவுதான்’ என்று யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால் இன்னொரு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: காய்தான் வேண்டாம் என்கிறான், பழம் சாப்பிடுகிறான், பாலும் லிட்டர் கணக்கில் குடிக்கிறான். மூன்று வயது. அது போதாதா?

பதில்: பழம் சாப்பிடுவது பெரிய ஆறுதல். உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 5 வயதுக்கு நாளொன்றுக்குக் காயும் பழமும் சேர்த்து 250 கிராமாவது வேண்டும் என்கிறது, பழம் அதில் ஒரு பங்கைத் தந்துவிடும், காயைப் பழக்க உங்களுக்கு அவகாசமும் கிடைக்கும். எனக்கு நெருடுவது அந்தப் பால். இந்த வயதில் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் வயிறு நிரம்பிப் பசி எடுக்காது, பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு, இரும்புச்சத்து குறைந்தால் பசி இன்னும் மந்தமாகும். மருத்துவர் சொன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். முதல் வேலையாகப் பாட்டிலை எடுத்துவிட்டு டம்ளருக்கு மாற்றுங்கள், சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரம் தண்ணீர் மட்டும் கொடுங்கள், இரண்டு வாரம் கழித்து எழுதுங்கள்.