கால்பந்து ஆட்டக்காரராக ஹங்கேரியின் புஸ்காஸ் மேதை, சரி. பயிற்சியாளர் புஸ்காஸையும் மக்கள் இவ்வளவு கொண்டாடுவது ஏன்?

கோப்பைகளை மட்டும் எண்ணினால் இப்படிக் கேட்கத் தோன்றும். ஹங்கேரிக்காக 85 ஆட்டங்களில் 84 கோல், ஐரோப்பாவின் கிளப் அணிகள் மோதும் ஐரோப்பியக் கோப்பையின் 1960 இறுதியில் ரியல் மாட்ரிட்டுக்குத் தனியாளாக 4 கோல் அடித்தவர் ஃபெரன்ஸ் புஸ்காஸ். அதற்குப் பக்கத்தில் வைத்தால் பயிற்சியாளராக அவர் வென்றவை குறைவுதான். ஆனால் பயிற்சியாளர் புஸ்காஸ் மேல் உள்ள பாசத்தின் வேர் பெரும்பாலும் கிரேக்கர்களிடம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1970இல் ஏதென்ஸின் பனாதினைகோஸ் அணிக்குப் பொறுப்பேற்றார். அதுவரை எந்தக் கிரேக்க அணியும் ஐரோப்பியக் கோப்பையின் இறுதிக்குப் போனதில்லை. முதல் பருவத்திலேயே, காலிறுதியில் இங்கிலாந்தின் எவர்ட்டனை வெளியூர் கோல் விதியில் தாண்டினார்கள் (இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கோல்கள் சமமானால், எதிரணி மைதானத்தில் கூடுதல் கோல் அடித்தவர்களுக்கு வெற்றி). அரையிறுதியில் பெல்கிரேடில் ரெட் ஸ்டாரிடம் 4-1 என்று உதை. எல்லாம் முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஏதென்ஸில் நடந்த மறு ஆட்டத்தில் 3-0! மொத்தம் 4-4. பெல்கிரேடில் அடித்த அந்த ஒற்றை கோல்தான் கரை சேர்த்தது.

1971 இறுதியாட்டம் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில். 1953இல் இங்கிலாந்தை 6-3 என்று ஹங்கேரி நொறுக்கியபோது புஸ்காஸ் ஆடிய அதே வெம்ப்ளி. எதிரே நட்சத்திர வீரர் க்ரைஃப் இருந்த நெதர்லாந்தின் அயாக்ஸ். 2-0 என்று தோற்றார்கள். தோற்றால் என்ன? இன்றுவரை வேறெந்தக் கிரேக்க அணியும் அந்த இறுதியில் கால் வைத்ததில்லை. ஒரு நாட்டுக்கே 'நம்மாலும் முடியும்' என்று காட்டியவரை எப்படி மறப்பார்கள்?

அதனால்தான் 1989இல் அவர் மெல்போர்ன் போனபோது அங்கே அந்நியராக இறங்கவில்லை. சவுத் மெல்போர்ன் ஹெல்லாஸ், பிழைப்புக்காக ஆஸ்திரேலியா வந்த கிரேக்கர்கள் வளர்த்த கிளப். அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது, கிரேக்கம் வரும். அணித் தலைவர் ஆஞ்சி போஸ்டெகோக்லு, ஏதென்ஸில் பிறந்து சிறுவனாகவே ஆஸ்திரேலியா வந்தவர். அவர்தான் புஸ்காஸைக் காரில் அழைத்துப்போவார், மற்ற வீரர்களுக்கு மொழிபெயர்த்தும் சொல்வார். உலகமே கொண்டாடிய மனிதர், எந்தத் தோரணையும் இல்லாமல் அந்தப் பையன்களோடு பழகினார். விங்கர்களை, அதாவது மைதானத்தின் இரு ஓரங்களிலும் ஓடித் தாக்குபவர்களை, வைத்துக்கொண்டு முன்னேறித் தாக்கு, எதிரணியைவிட ஒரு கோல் கூட அடி. அவருடைய கால்பந்து அவ்வளவுதான். 1991இல் மெல்போர்ன் குரோவேஷியா கிளப்பைப் பெனால்டியில் வென்று ஆஸ்திரேலிய தேசிய லீக் பட்டத்தையும் எடுத்தார்கள்.

அவர் ஆட்டக்காரராக வாங்கிய பெயர்தான் இந்தப் பாசத்துக்குக் காரணம் என்று சிலர் சொல்வார்கள். பெயர் வாசல்வரை கொண்டுவந்து விடும், உண்மைதான். ஆனால் காரில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு போன இளைஞன், பின்னாளில் தானும் பயிற்சியாளராகி, தாக்கி ஆடும் நம்பிக்கை அவரிடமிருந்து வந்தது என்று சொல்வதற்குப் பெயர் மட்டும் போதாது. அதே போஸ்டெகோக்லுதான் 2025இல் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப்புக்கு, ஐரோப்பிய கிளப் போட்டியான யூரோப்பா லீக்கின் கோப்பையை வென்று தந்தார். மூன்றே ஆண்டுகள் இருந்துவிட்டுப் போன புஸ்காஸுக்கு மெல்போர்னில் 2017இல் சிலையும் வைத்திருக்கிறார்கள்.