வெலிங்டன் முதல் லடாக் வரை: காலாட்படைப் பயிற்சி பற்றி வாசகர் கேள்விகள்

அக்னிவீர் ஜி.டி. (பொதுப்பணி) பிரிவில் தேர்வாகிவிட்டேன். நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் சேர ஆறு வாரம் இருக்கிறது. ஊர் விளாத்திகுளம் பக்கம். 1.6 கி.மீ. ஓட்டத்தை 5 நிமிடம் 20 விநாடியில் முடித்தவன். இனி எதில் கவனம் வைக்க வேண்டும்?

ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி 60 மதிப்பெண் வாங்கிய கதை ஆள்சேர்ப்பு மைதானத்தோடு முடிந்தது. மையத்தில் உங்களிடம் கேட்கப்போவது வேகத்தைவிட அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் ஓடக்கூடிய கால்களை. பி.பி.இ.டி. எனும் போர்த்திறன் உடற்தேர்வில் ரைபிளும் சுமையுமாக 5 கி.மீ. ஓட வேண்டும், கயிறேற்றமும் 9 அடிப் பள்ளம் தாண்டுவதும் அதோடு சேர்ந்தவை. ஆறு நிமிட ஓட்டக்காரன் இதில் நன்றாகச் செய்வதும், ஐந்து நிமிட ஓட்டக்காரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவதும் சாதாரணம்.

வாரம் நான்கு நாள் ஓடுங்கள். இரண்டு நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதானத்தில் 4 கி.மீ. ஒரு நாள் 400 மீட்டரை ஆறு தடவை, நடுவில் இரண்டு நிமிட நடையோடு. ஒரு நாள் மேடு: கண்மாய்க் கரை, பாலத்து ஏற்றம், கோயில் படிக்கட்டு, கிடைத்தது எதுவானாலும் சரி. வாரத்துக்கு வாரம் மொத்தத் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம். சுமை தூக்க வேண்டுமென்றால் பையில் 5 கிலோ மணல் போட்டு நடங்கள். கடைசி வாரங்களில் 10 கிலோ வரை போகலாம். பையோடு ஓட வேண்டாம். அதைக் கற்றுக்கொடுக்க அங்கே ஆள் இருக்கிறார்கள், இப்போதே முதுகைக் கெடுத்துக்கொள்வானேன்?

கடல்மட்டத்திலிருந்து வருகிறீர்கள். வெலிங்டன் 6,000 அடிக்குச் சற்று மேலே இருக்கிறது, அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முதல் பத்து நாள் வழக்கமான வேகத்தில் ஓடினால் நெஞ்சு அடைக்கும். அது பலவீனம் இல்லை, உடம்பு பழகிவிடும். பதறிப்போய் உயிரைக் கொடுத்து ஓடுகிறவனுக்குத்தான் சிக்கல்.

கிளம்பும் முன் இரண்டு வேலை. சொத்தைப் பல் இருந்தால் இப்போதே அடைத்துக்கொள்ளுங்கள். குளிரில் பல்வலியோடு நான்கரை மணிக்கு எழுவது கொடுமை. கால் நகத்தை ஓரம் வளைக்காமல் நேராக வெட்டப் பழகுங்கள். கடைசி ஐந்து நாள் கடும்பயிற்சி கூடாது.

மகன் பயிற்சியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறதாம். சொன்னால் பின் பேட்ச்சுக்குத் தள்ளிவிடுவார்கள் என்று மறைக்கிறான். பயப்பட வேண்டுமா?

மறைப்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம். திடீரென்று சுமை கூடும்போது எலும்பு தன்னைத் திருத்திக் கட்டத் தொடங்குகிறது. முதலில் பழையதை அரித்து எடுக்கும், பிறகுதான் புதியதைப் போடும். இந்த இடைவெளியில், அதாவது மூன்றாவது வாரத்துக்குப் பிறகு வரும் நாட்களில், எலும்பு சற்று மெலிந்தே இருக்கும். தசையும் மூச்சும் அதற்குள் தேறிவிடுவதால் பையன் முன்னைவிட வேகமாக ஓடுவான். எலும்பு மட்டும் பின்தங்கி நிற்கும். மயிரிழைக் கீறல் விழுவது அப்போதுதான்.

வீட்டிலிருந்தே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். வலி முன்னெலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவி, உடம்பு சூடானதும் குறைந்தால் அது பெரும்பாலும் தசை இழுப்பு சார்ந்தது. ஓய்வும் ஐஸும் போதும். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் சுருக்கென்று வலிக்கிறதா, ஓட ஓட வலி கூடுகிறதா, இரவில் படுத்தாலும் விடவில்லையா? அப்படியானால் அன்றைக்கே எம்.ஐ. ரூமுக்குப் (மையத்தின் மருத்துவ அறைக்கு) போகச் சொல்லுங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம் என்பதையும் சொல்லிவையுங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் வலி நீடித்தால் மறுபடி காட்ட வேண்டும்.

ஆரம்பத்தில் காட்டினால் சில வார ஓய்வோடு போகும். முழு முறிவானால் மாதக்கணக்கு. பேட்ச் தள்ளிப்போவது இரண்டாவதில்தான் நிச்சயம்.

கல்லூரி என்.சி.சி. மாணவி நான். .22 ரைபிளில் 25 மீட்டரில் சுடுகிறேன். ஐந்து குண்டும் மேலும் கீழுமாகச் சிதறுகின்றன. உஸ்தாத் (பயிற்றுநர்) "சாந்தமாகச் சுடு" என்கிறார். எதைச் சாந்தமாக்குவது?

நல்ல கேள்வி. அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு வேலை இருக்கிறது: பொசிஷன், பிடி, குறி, டிரிகர். பெரும்பாலும் தவறு நடக்கும் இடம் குறியும் டிரிகரும்.

கண் ஒரே சமயத்தில் இரண்டு தூரத்தைத் தெளிவாகப் பார்க்காது. புதியவர்கள் டார்கெட்டைத் தெளிவாகப் பார்ப்பார்கள்; ஃபோர்சைட் (குழல்முனையில் உள்ள முன்குறி) மங்கிவிடும். தலைகீழாக இருக்க வேண்டும்: ஃபோர்சைட்டின் நுனி கூராக, டார்கெட் கொஞ்சம் மங்கலாக. கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். முன்னும் பின்னும் உள்ள இரண்டு சைட்டுக்கும் இடையே அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்சைட் நுனி 1 மி.மீ. விலகினால் 25 மீட்டரில் குண்டு 5 செ.மீ. விலகும், 100 மீட்டரில் 20 செ.மீ.; 300 மீட்டரில் 60 செ.மீ., அதாவது ஆளையே தவறவிடும் தூரம். ரைபிளும் டார்கெட்டும் கச்சிதமாக இருந்தும் அந்த ஒரு மில்லிமீட்டர் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

மேலும் கீழுமாகச் சிதறல் என்றால் முதல் சந்தேகம் மூச்சின் மேல். படுத்த நிலையில் மூச்சு இழுக்கும்போது மார்பு உயர்ந்து குழல்முனை தாழும், விடும்போது ஏறும். இயல்பாக மூச்சை விட்டு, அடுத்த மூச்சுக்கு முன் வரும் இயற்கையான நிறுத்தத்தில் சுடுங்கள். ஏழெட்டு விநாடிக்குள் குண்டு போகவில்லையென்றால் விரலை எடுத்துவிட்டு மறுபடி மூச்செடுங்கள். பிடிவாதமாக மூச்சை அடக்கினால் பார்வை மங்கும், கை நடுங்கும். இரண்டாவது சந்தேகம், ரைபிள் பட்டில் (தோளில் சாயும் கட்டையில்) கன்னம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் அமர்கிறதா என்பது.

குண்டுகள் கீழே வலப்பக்கம் கூடினால் (வலக்கைக்காரர்களுக்கு) அது டிரிகர் நோய். சத்தத்தை எதிர்பார்த்து தோள் முன்னே தள்ளுகிறது, விரல் வெட்டி இழுக்கிறது. இதற்கு மருந்து: பயிற்றுநர் உங்களுக்குத் தெரியாமல் டம்மி குண்டைக் கலந்து போட வேண்டும். டம்மியில் ரைபிள் அசையக் கூடாது, குழல்முனை கீழே குத்தினால் குற்றவாளி நீங்கள். ரேஞ்ச் இல்லாத நாளில், பயிற்றுநர் சோதித்துக் காலி என்று காட்டிய ரைபிளின் குழல்முனைக்கருகே ஒரு நாணயத்தை வைத்து டிரிகரை அழுத்திப் பழகுங்கள். நாணயம் விழாமல் தொடர்ந்து இருபது தடவை. சலிப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது.

சைட்டைத் திருக வேண்டும் என்று கை அரிக்கும். குண்டுகள் சிதறியிருக்கும்வரை சைட்டைத் தொடாதீர்கள். நெருக்கமாகக் கூடி, கூட்டமே ஒரு பக்கம் தள்ளியிருந்தால் மட்டும்தான் அது சைட் விஷயம். ஃபோர்சைட்டை நகர்த்தும் ரைபிளில் விதி ஒன்றே: குண்டு போன பக்கமே ஃபோர்சைட்டும் போக வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் வலப்பக்கம், மேலே விழுந்தால் மேலே. பலரும் இதைத் தலைகீழாகச் செய்து அரை நாளைத் தொலைப்பார்கள்.

எனக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. தள்ளிவிடுவார்களா?

மாட்டார்கள். மெட்ராஸ் ரெஜிமென்டில் பெரும்பாலோர் தென்மாநிலத்தவர், ரெஜிமென்டின் போர்முழக்கமே "வீர மதராசி, அடி கொல்லு! அடி கொல்லு!" என்று தமிழில்தான். ஆனால் பரேட் மைதானத்தில் கட்டளை இந்தியில். சாவ்தான் (நேராக நில்), விஷ்ராம் (தளர்ந்து நில்), தாஹினே முட் (வலம் திரும்பு), பாயே முட் (இடம் திரும்பு), பீச்சே முட் (பின் திரும்பு), தேஸ் சல் (வேக நடை), தம் (நில்). இவற்றோடு எண்கள் ஒன்று முதல் நூறு வரை, திசைகள், உடல் உறுப்புகள். ஆறு வாரத்தில் 200 சொல் படித்துக்கொண்டு போனால் முதல் மாதத்து ரகடாவில் (தண்டனைப் பயிற்சியில்) பாதி மிச்சம். கட்டளை புரியாமல் நிற்பவனுக்குத்தான் தண்டனைப் பயிற்சி அதிகம் விழும்.

மலைப்பகுதியில் தூரம் கணிக்கும் பயிற்சியில் எல்லோருமே குறைவாகச் சொல்கிறோம். ஏன்?

கண் ஏமாறுகிறது. நடுவில் பள்ளத்தாக்கு இருந்தால் அந்த நிலத்தைக் கண் கணக்கில் சேர்க்காது, எதிர்ச்சரிவு பக்கத்தில் தெரியும். மழை பெய்து ஓய்ந்த தெளிந்த காற்று, முதுகுக்குப் பின்னால் சூரியன் இரண்டும் அதே வேலையைச் செய்யும். மாலை மங்கலில், அல்லது ஆள் பின்னணி நிறத்தோடு கலந்திருக்கும்போது தூரம் கூடுதலாகத் தோன்றும்.

நூறு மீட்டர் நீளத்தை மனதில் பிடித்து, நடுவில் எத்தனை தடவை அடங்கும் என்று எண்ணும் முறை சமவெளியில் 400 மீட்டர் வரை சரி, பள்ளத்தாக்கில் உதவாது. அங்கே ஆளின் தோற்றத்தைப் பாருங்கள். 200-ல் உடம்பின் எல்லாப் பாகமும் பிரிந்து தெரியும். 300-ல் முகத்தின் கோடு மங்கும். 400-ல் உருவம் இருக்கும், முகம் இருக்காது. 500-ல் தோளிலிருந்து கீழே உடம்பு ஒடுங்கும். இதோடு வரம்பு முறையையும் சேருங்கள்: "300-க்குக் குறையாது, 500-ஐத் தாண்டாது" என்றால் 400. பிறகு செக்‌ஷனில் (பத்துப் பேர் குழுவில்) எல்லோரும் தனித்தனியே சொன்னதைக் கூட்டிச் சராசரி எடுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டுவிட்டால் சராசரிக்கு அர்த்தமே இல்லை.

எதிரி சுட்டவுடன் படுக்கச் சொல்கிறார்கள், சரி. படுத்த பிறகு என்ன?

படுத்த இடத்திலேயே கிடப்பதுதான் புதியவர் செய்யும் முதல் தவறு. நீங்கள் விழுந்த இடத்தை எதிரி பார்த்துவிட்டான். தலை அங்கேதான் தூக்கும் என்று குறி வைத்துக் காத்திருப்பான். அதனால் வரிசை இப்படி: மறைவுக்குப் பாய், விழு, ஊர்ந்து இடம் மாறு, கவனி, சைட் தூரத்தை வை, சுடு. ஊர்வது இரண்டு மூன்று மீட்டர் போதும்.

அடுத்த வேலை செக்‌ஷன் கமாண்டருடையது. காலாட்படை செக்‌ஷனில் பத்துப் பேர். அதன் உயிர் எல்.எம்.ஜி. எனும் இலகு இயந்திரத் துப்பாக்கி. கமாண்டர் கொடுக்கும் சுடும் கட்டளையில் நான்கு சங்கதி இதே வரிசையில் வர வேண்டும்: யார், எத்தனை தூரம், எங்கே, எப்படி. "எல்.எம்.ஜி. குரூப், 300, ஒற்றைப் பனை, வலப்பக்கம் நான்கு மணி, புதர், விட்டுவிட்டுச் சுடு." (பனையை நடுவில் வைத்து ஒரு கடிகார முகத்தை நினைத்தால் நான்கு மணி காட்டும் திசை.) முதலிலேயே இடத்தைச் சொல்லி, கடைசியில் யாரென்று சொன்னால் பத்துப் பேரும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எதிரியின் சூடு தணிந்தால்தான் நகரலாம். ஒரு பாதி சுட, மறு பாதி ஓடும். ஒரு பாய்ச்சல் மூன்றிலிருந்து ஐந்து விநாடி, அதற்குமேல் எழுந்து நின்றால் குறிபார்க்க நேரம் கொடுத்ததாகும். தாக்கும் குரூப் நேரே போகாமல் பக்கவாட்டில், சுடுபவர்களின் கோட்டுக்குச் செங்குத்தாக வருவது நல்லது, அப்போதுதான் எல்.எம்.ஜி. கடைசி நொடிவரை நிறுத்தாமல் சுடலாம், நம் ஆள் குறுக்கே வரமாட்டான்.

பயிற்சியில் அதிகம் சொதப்புவது மூன்று இடங்களில். கட்டளையைப் பக்கத்து ஆளுக்குத் திருப்பிக் கத்தாமல் ஊமையாகக் கிடப்பது. ஒரே பாறைக்குப் பின்னால் நான்கு பேர் ஒண்டுவது. முதல் நிமிடத்திலேயே குண்டைத் தீர்ப்பது. இன்சாஸ் ரைபிளின் மேகசினில் 20 குண்டு. மும்மூன்றாக விட்டால் ஏழு அழுத்தலில் காலி. இலக்கைப் பிடித்த பின் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் ஆசையும் வரும். எதிர்த்தாக்குதல் வருவதற்கு ஏற்ற நேரம் அதுதான் என்பதால் முதலில் காவல், பிறகு குண்டுக்கணக்கு, காயம்பட்டவர், அதன் பின் தண்ணீர்.

பட்டாலியனுக்குப் போன பிறகு கமாண்டோ பயிற்சிக்கு எப்படிப் போவது?

ஒவ்வொரு காலாட்படை பட்டாலியனிலும் ஏறத்தாழ இருபது பேர் கொண்ட கட்டக் பிளட்டூன் (கமாண்டோ வகைத் தாக்குதல் அணி) உண்டு. அதற்குப் பட்டாலியனே ஆள் தேர்ந்தெடுக்கிறது. கர்நாடகத்தின் பெளகாவி கமாண்டோ விங்கில் நடக்கும் 35 நாள் பயிற்சிக்கு அதிலிருந்து ஆட்கள் போவார்கள். 10, 20, 30, 40 கி.மீ. என்று சுமையோடு ஏறிக்கொண்டே போகும் வேக நடைகள்தான் அங்கே பலரை வடிகட்டும். அங்கே தோற்பவர்களில் பெரும்பாலோர் மூச்சு வாங்கித் தோற்பதில்லை, கால் கொப்புளத்தால் தோற்கிறார்கள். புது பூட்ஸோடு போகாதீர்கள். மெல்லிய சாக்ஸ் உள்ளே, தடித்தது வெளியே. ஈரமானால் அடுத்த நிறுத்தத்தில் மாற்றுங்கள். கொப்புளம் வருமுன் அந்த இடம் சுடும், அப்போதே நின்று டேப் ஒட்டுங்கள்.

காட்டுப் போர்முறைக்கு மிசோரமில் வைரெங்டே பள்ளி, பனிக்கும் மலைக்கும் குல்மார்க் பள்ளி. முந்தையதற்குப் பணியிடம் மாறும் முன் முழுப் பட்டாலியனாகவே போவதும் உண்டு.

ராஜஸ்தானில் பயிற்சி. தண்ணீர் நிறையக் குடித்தால் வெயில் அடிக்காதுதானே?

பாதி உண்மை. வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும், எவ்வளவு குடித்தாலும் அதைக் குறைக்க முடியாது. வெறும் தண்ணீரை மட்டும் மளமளவென்று லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகும். ஆள் உளறினால், தள்ளாடினால், வியர்வை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கடும் உழைப்பில் வரும் வெப்ப அதிர்ச்சியில் வியர்வை ஊற்றிக்கொண்டும் இருக்கலாம். உடையைத் தளர்த்தி, கழுத்துவரை குளிர்ந்த நீரில் இறக்குங்கள். தொட்டி இல்லையென்றால் நிறுத்தாமல் நீரூற்றி விசிறுங்கள். முதலில் குளிர்விப்பு, அப்புறம்தான் வண்டி.

லடாக்கின் லே போய்ச் சேர்ந்து ஆறு நாள் சும்மா உட்காரவைத்தார்களாம். விடுமுறை முடிந்து திரும்பினாலும் மறுபடி அதே கதை என்கிறார் அண்ணன். உண்மையா?

உண்மை, ஆனால் "சும்மா" இல்லை. 9,000 முதல் 12,000 அடிவரை முதல் கட்டம் ஆறு நாள்: முதல் இரண்டு நாள் ஓய்வு, மூன்றும் நான்கும் சமதரையில் மெதுநடை, ஐந்தும் ஆறும் 5 கி.மீ. வரை நடையும் கொஞ்சம் ஏற்றமும். பிறகு 15,000 அடிவரை நான்கு நாள், அதற்கு மேல் இன்னொரு நான்கு நாள். நான்கு வாரத்துக்கு மேல் கீழே இருந்துவிட்டு வந்தால் முதலிலிருந்து முழுசாக. பத்து நாள் முதல் நான்கு வாரம்வரை என்றால் சுருக்கிய வடிவம்.

விமானத்தில் இறங்கிய அன்று எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கும். நுரையீரலில் நீர் கோப்பது பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். ஓய்வாக இருக்கும்போதே மூச்சிரைப்பு, வறட்டு இருமல், படுத்தால் கூடும் திணறல் இருந்தால் உடனே சொல்ல வேண்டும். ஆக்சிஜன் கொடுத்துக் கீழே இறக்குவதுதான் சிகிச்சை. போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது இந்தத் தடவைக்குச் சாட்சி ஆகாது. விடுமுறையில் சளி பிடித்திருந்தால் மேலே ஏறும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள் அண்ணனிடம்.