கை நீட்டுவதா, சேருவதா? தையல்காரரின் பென்ஷன் கேள்வி

கேள்வி: எனக்கு வயது 35. வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். தீபாவளி, கல்யாண சீசனில் மாதம் 20,000 ரூபாய் வரை நிற்கும். ஆடி வந்தால் 6,000 தேறுவதே கஷ்டம். மத்திய அரசின் ‘பிரதம மந்திரி ஷ்ரம் யோகி மாந்தன்’ பென்ஷனில் சேரச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. “உழைத்துச் சாப்பிடுகிற நாம் அரசாங்கத்திடம் கை நீட்டுவதா?” என்கிறார் கணவர். சேரலாமா?

பதில்: முதலில் உங்கள் கணவருக்கு. நீங்கள் ஒரு கம்பெனியில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தால், பி.எஃப். கணக்கில் நீங்கள் 12% போட, முதலாளியும் 12% போட்டிருப்பார். அதை யாரும் கை நீட்டி வாங்கியதாகச் சொல்வதில்லை. வீட்டில் தைப்பவருக்கு முதலாளி கிடையாது. இந்தத் திட்டத்தில் அந்தப் பங்கை அரசு போடுகிறது. 35 வயதில் சேர்ந்தால் மாதம் உங்கள் பங்கு 150 ரூபாய், அரசின் பங்கு 150. அறுபது முடிந்ததும் மாதம் 3,000 வரும்.

25 வருடத்தில் உங்கள் கையிலிருந்து போவது 45,000 ரூபாய். பென்ஷன் வர ஆரம்பித்து 15 மாதத்தில் அது திரும்பிவிடும். அதே 150-ஐ 7% வட்டியில் நீங்களே சேர்த்து வந்தால் அறுபதில் சுமார் 1.21 லட்சம் இருக்கும். அதன் மாத வட்டி 3,000-இல் கால் பங்குகூட வராது. ஆக, கணக்கு உங்கள் பக்கம்தான்.

ஆனால் இதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். விலைவாசி வருடம் 6% ஏறினால், 25 வருடம் கழித்து வரும் 3,000 இன்றைய 700 ரூபாய்க்குச் சமம். மாத்திரைச் செலவுக்கு ஆகும், குடும்பம் நடத்த ஆகாது.

அப்புறம், தகுதி. மாத வருமானம் 15,000-க்குள் இருக்க வேண்டும், வருமான வரி கட்டுபவராக இருக்கக் கூடாது, பி.எஃப்., இ.எஸ்.ஐ., என்.பி.எஸ். (தேசிய பென்ஷன் திட்டம்) எதிலும் இருக்கக் கூடாது. வருமானத்துக்கு நீங்களே உறுதிமொழி தர வேண்டும் என்பதால், ஆர்டர் நோட்டை எடுத்து, கடைசி பன்னிரண்டு மாத வரவைக் கூட்டிப் பாருங்கள். நூல், லைனிங், கரண்ட் பில் போக மிஞ்சுவதைப் பன்னிரண்டால் வகுங்கள். நீங்கள் சொல்லும் ஏற்ற இறக்கத்துக்கு 15,000-ஐத் தாண்டாது என்றுதான் தோன்றுகிறது. தாண்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். லோனுக்காக வரி ரிட்டர்ன் போட்டிருந்து, கட்ட வேண்டிய வரி பூஜ்யமாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

ஒரு குறையும் இருக்கிறது. உங்களுக்குப் பிறகு கணவருக்குப் பாதி, அதாவது 1,500 கிடைக்கும். அவருக்கும் பிறகு பிள்ளைகளுக்கு எதுவும் வராது. அது உறுத்தினால் மத்திய அரசின் இன்னொரு பென்ஷன் திட்டமான அடல் பென்ஷன் யோஜனாவைப் பாருங்கள். அதில் கணவருக்கு முழுப் பென்ஷனும் தொடரும். 3,000 ரூபாய் பென்ஷன் என்றால், அவருக்கும் பிறகு நாமினிக்கு 5.1 லட்சம் கிடைக்கும். ஆனால் இன்று சேர்பவருக்கு அரசு பங்கு போடாது. 35 வயதில் மாதம் 543 ரூபாய் முழுக்க உங்களுடையது. ஆடி மாதத்தில் அந்த 543 எப்படி வலிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நானாக இருந்தால் 150-இல் சேர்ந்துவிட்டு, சீசன் மாதங்களில் மிஞ்சுவதைத் தனியாக ஆர்.டி.யில் போடுவேன்.

ஆதார், பேங்க் பாஸ்புக்கோடு பொதுச் சேவை மையத்துக்குப் போனால் போதும். முதல் தவணை ரொக்கம், அதற்குப் பிறகு கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பார்கள். ஆடிக்கு முன்பே கணக்கில் ஐந்நூறு ரூபாய் தனியாகக் கிடக்கட்டும். தவணை விட்டுப்போனால் பாக்கியை அபராதத்தோடு கட்ட நேரும். அடுத்த பிறந்தநாளுக்கு முன்பே போய்விடுங்கள். 36 ஆகிவிட்டால் மாதம் 160. அறுபது வரை அதே 160-தான்.