டல்லாஸிலிருந்து சான் டியாகோவுக்கு, ஜூலையில், காரில்

பெருந்துறைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்கா வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, டல்லாஸில் வேலை. இப்போது கம்பெனி சான் டியாகோவுக்கு மாற்றுகிறது, ஜூலையில் வீடு மாற வேண்டும். "பிளைட்ல போயிட்டா வேலை முடிஞ்சுதுங்கக்கா. ஆனா கார்லயே போனா வழியில பாலைவனப் பூங்கா எல்லாம் பாக்கலாம்னு வீட்ல சொல்றாங்க. நாலு வயசுப் பையன் இருக்கான். போலாங்களா?"

போகலாம் தம்பி. நாங்கள் 2017 ஜூலையில் இதே ரோட்டில், ஐந்து வயது மகளோடு போனோம். இப்போது லீவில் காங்கேயம் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். உங்கள் கேள்வியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பூங்காவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஆடி பொறக்கறதுக்குள்ள பால் காச்சிரச் சொல்லு" என்றார். அவர் கணக்கில் ஜூலை நடுவுக்குள் போய்ச் சேர வேண்டும்.

என் கணக்கு வேறு. முதலில் பேப்பர். எச்-1பி வேலை விசாவில் இருந்தால், வேலை இடம் வேறு ஊருக்கு மாறும்போது கம்பெனி குடிவரவுத் துறைக்குத் திருத்த மனு போட வேண்டும், அதுவும் நீங்கள் அங்கே வேலையில் உட்காருவதற்கு முன்னால். வக்கீலிடம் கேட்டு, மனு போன ரசீதை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். புது வீட்டுக்குப் போன 10 நாளுக்குள் ஏ.ஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம், வீட்டில் ஆளுக்கு ஒன்று. பாஸ்போர்ட், நாட்டுக்குள் வந்ததற்கான ஐ-94 பதிவு எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நீங்கள் போகும் வழி மெக்சிகோ எல்லையை ஒட்டியது, ரோட்டிலேயே குடிவரவுச் சோதனைச் சாவடிகள் உண்டு. எங்களை ஓரங்கட்டியபோது பாஸ்போர்ட் டிக்கியில் அரிசி மூட்டைக்கு அடியில் இருந்தது. அந்தப் பத்து நிமிடம் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பூங்கா என்று நிறைய எழுதி வைத்திருப்பீர்கள். மூன்று போதும். ஜோஷுவா ட்ரீ பூங்காவைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அது சான் டியாகோவிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும், மார்கழி குளிரில் ஆற அமரப் போகலாம். ஜூலையில் அங்கே போய்ப் பையனை வாட்டாதீர்கள்.

முதல் நாள் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் வரை ஓட்டிவிடுங்கள், மறுநாள் காலையில் அங்கே உள்ள குகைப் பூங்கா. வெளியே என்ன வெயில் அடித்தாலும் உள்ளே 13 டிகிரிதான், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். நுழைய நேரம் குறித்து ஆன்லைனில் முன்பதிவு செய்ய வேண்டும். குகையை விட்டு எல் பாசோ போகும் ரோட்டில் பங்க் கிடைப்பது அரிது. அதனால் கிளம்பும்போதே டேங்கை நிரப்பிவிடுங்கள். அந்தப் பக்கமெல்லாம் பாதி டேங்குக்குக் கீழே முள் இறங்க விடவே கூடாது.

அடுத்தது, அதே நியூ மெக்சிகோவில் ஒயிட் சாண்ட்ஸ் பூங்கா. அதுதான் இந்தப் பயணத்துக்கே காரணம் என்பேன். 275 சதுர மைல் வெள்ளை மணல் மேடு, அத்தனையும் ஜிப்சம். ஆமாம், நம் கடலைக்காட்டில் களை வெட்டி மண் அணைக்கும்போது போடுகிறோமே, அதே ஜிப்சம். ஜிப்சம் தண்ணீரில் கரையும். மற்ற ஊர்களில் மழை அதைக் கரைத்து ஆற்றோடு கடலுக்குக் கொண்டுபோய்விடும். இங்கே சுற்றிலும் மலை, தண்ணீர் வெளியேற வழியில்லாத பள்ளத்தாக்கு. கரைந்து வந்தது ஏரியில் தேங்கி, வெயிலில் வற்றி, படிகமாகி, காற்றில் பொடிந்து மணலாகிறது. அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். "ஒரு லோடு அனுப்பு சாமி" என்றார்.

ஜூலையிலும் அந்த மணல் காலைச் சுடாது. மகள் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து சறுக்கியே சாயங்காலத்தைக் கழித்தாள். ஆனால் பகல் பதினோரு மணிக்குப் போய் நிற்காதீர்கள். கால் சுடாதே தவிர, தலை சுடும், வெள்ளை மணலின் கூச்சம் கண்ணைப் பிடுங்கும். ஆறு மணிக்குப் போய், இருட்டியதும் கிளம்புங்கள். பக்கத்திலேயே ஏவுகணைச் சோதனைத் தளம் இருப்பதால் சில நாள் ரோட்டையே இரண்டு மூன்று மணி நேரம் மூடிவிடுவார்கள். முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து லாஸ் க்ரூசஸ் ஊருக்குத் திரும்பும்போதுதான் நான் சொன்ன குடிவரவுச் சாவடி வரும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர், பையனுக்கும் சேர்த்து. நியூ மெக்சிகோவிலும் அரிசோனாவிலும் ஜூலை மழைக்காலம். நம்மூர் ஓடைப் பள்ளம் தெரியுமல்லவா, இங்கே தூறல்கூட இருக்காது, மேற்கே எங்கோ பெய்து திடீரென்று தண்ணீர் திமுதிமுவென வரும். அங்கேயும் அப்படித்தான், ரோடு தாழும் இடத்தில் தண்ணீர் ஓடினால் நின்றுவிடுங்கள். புழுதிப்புயல் வந்தால் ரோட்டை விட்டு நன்றாக ஒதுங்கி, எல்லா விளக்கையும் அணைத்து, கைப்பிரேக் போட்டு, கால்பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவன் அதை ரோடு என்று நம்பி உங்கள் மேலேயே வந்து ஏறுவான்.

மூன்றாவது, அரிசோனாவின் டூசான் போனதும் சவாரோ பூங்கா. விடிந்ததும் போய் ஒன்பது மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். சவாரோ என்பது நாற்பது அடிக்கு மேலும் வளரும் கள்ளி. முதல் கை முளைக்கவே ஐம்பது, எழுபது வருடம் ஆகும். எனக்கு அதைவிட அதன் காலடியில் கிடந்த சப்பாத்திக்கள்ளிதான் வேடிக்கை. நம் கொறங்காட்டு மேய்ச்சல் நில ஓரத்தில் பார்த்துப் பார்த்துச் சலித்த செடி, அதற்குப் பூர்வீகமே அமெரிக்கக் கண்டம்தான். சீமைக்கருவேலத்தின் பங்காளி மரங்களும் அங்கே நிற்கின்றன. இங்கே ஜேசிபி வைத்துப் பிடுங்குகிறோம், அங்கே அதன் விறகில் கறி சுடுகிறார்கள். இந்தக் காடு எனக்கு வேற்றூராகவே படவில்லை. கிளுவை வேலியும் நாலு காங்கேயம் மாடும்தான் குறை.

யூமா தாண்டிக் கலிஃபோர்னியாவுக்குள் நுழைந்ததும் வேளாண் சோதனைச் சாவடி. வீட்டில் கறிவேப்பிலைச் செடி இருந்தால் டல்லாஸிலேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் பூச்சி அதிலும் தங்கும் என்பதால் உள்ளே விடமாட்டார்கள். நான் இது தெரியாமல், நாலு வருடம் வளர்த்த செடியைப் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து 1,300 மைல் கொண்டுபோனேன். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். இலையைக்கூடப் பறித்துக்கொள்ள விடவில்லை. மகள் அழுதாள், நானும்தான்.

அப்புறம் கடைசியாக ஒரு மலை ஏற்றம். நம் திம்பம் மாதிரி கொண்டை ஊசி வளைவெல்லாம் இல்லை. ஆனால் நல்ல ஏற்றம், கீழே நெருப்பு வெயில். இன்ஜின் சூடாகாமல் இருக்க ஏசியை நிறுத்தச் சொல்லிப் போர்டே வைத்திருப்பார்கள். அதிகாலையில் ஏறிவிட்டால் தொந்தரவில்லை. கிளம்புமுன் கூலன்ட், டயர், ஸ்டெப்னி எல்லாம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சாமான் விஷயம். லாரிக் கம்பெனி சொன்ன தேதியை நம்பி வீட்டையே அதில் ஏற்றிவிடாதீர்கள். எங்களுக்கு ஐந்து நாள் என்றார்கள், வந்தது பன்னிரண்டாம் நாள். வெறும் தரையில் போர்வை விரித்துப் படுத்தோம். நகை, சர்ட்டிபிகேட், மருந்து, சின்ன ரைஸ் குக்கர் எல்லாம் காரிலேயே வரட்டும். மோட்டல் ரூமில் அரிசியும் பருப்பும் போட்டு ஒரு விசில் இல்லாத அரிசிம்பருப்பு ஆக்கிக்கொள்ளலாம். பால் காய்ச்சுகிற பாத்திரத்தையும் மறக்காமல் காரில் வையுங்கள். எங்களுடையது லாரியில் போய்விட்டது. அந்த ரைஸ் குக்கரில்தான் பால் காய்ச்சினோம். அம்மா அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.